காகிதத்தில் நூற்று நாற்பது பவுண்டு

என் எடை நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. இருபத்தாறு வயதில் அதுதான். மைத்துனன் கல்யாணத்தில் மூன்று நாள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் சாப்பிட்டபோதும் அதுதான். ஆனால் யுத்த காலத்தில் ஒன்றரை வருஷம், சர்க்கார் காகிதத்தில் என் எடை நூற்று நாற்பது. அந்தக் காகிதத்தை நிரப்பியவன் நான். கையெழுத்துப் போட்டவனும் நான். அப்படியானால் பொய்தானே எழுதினீர்கள் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

யுத்தத்துக்கு முன்னால் நான் பூந்தமல்லிக் காய்கறி மண்டியில் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். திருவேற்காடு, பாரிவாக்கம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற கத்திரிக்காயும் வெண்டைக்காயும் என் கை வழியாகத்தான் பட்டணத்துக்குப் போகும். மண்டியில் எனக்கு நல்ல பெயர். வாயில்தான் கொஞ்சம் காரம் என்பார்கள். கையில் குறை சொன்னவர் கிடையாது.

யுத்தம் வந்ததும் ஆவடிக்கும் பாரிவாக்கத்துக்கும் நடுவில் இருந்த வயல்களை நிரவி விமானம் இறங்க ஒரு பாதை போட்டார்கள். அங்கே எடை போடத் தெரிந்த, இங்கிலீஷில் எண்ணும் நாலு வார்த்தையும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். காக்கிச் சட்டை கொடுத்து 'லோடு கிளார்க்' என்று பெயரும் வைத்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என் மனைவி தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "கொடிக்கம்பத்துக்குச் சட்ட மாட்டின மாதிரி கீது. இன்னாங்க, உள்ள நீங்க கீறீங்களா?" என்றாள். ஒரு வாரம் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை.

வேலை இதுதான். வடக்கே கடலோரத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி முகாம் இருந்தது. ரயிலில் அனுப்பினால் காய்கறி போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும். அதனால் வியாழக்கிழமைதோறும் ஒரு சின்ன விமானத்தில் பதினெட்டு மூட்டை காய்கறி போகும். மூட்டைக்கு அறுபது பவுண்டு. நான் நிறுத்துச் சீட்டு எழுத வேண்டும். ஏற்றுவதற்கு எட்டு ஆட்கள், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. மேஸ்திரியை நாங்கள் எல்லோரும் பாய் என்போம். பூந்தமல்லிக்காரர்தான், அதே மண்டியில் மூட்டை தூக்கியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பங்கு அகலம். எட்டு ஆட்களும் அந்த மண்டியிலிருந்தே வந்தவர்கள். தராசுகூட மண்டித் தராசுதான். ராணுவத்தின் மேடைத் தராசு வருகிறது, வருகிறது என்றார்கள், கடைசிவரை வரவில்லை. மூன்று கம்பை நிறுத்தி, சங்கிலியில் பலகைத் தட்டு கட்டிய பெரிய தராசைத் தொங்கவிட்டோம். ஆக, மண்டியையே பெயர்த்துக் கொண்டுபோய் விமானத்துக்குப் பக்கத்தில் வைத்த மாதிரிதான்.

விமானம் ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு எஞ்சின், மரச்சட்டம், அதன்மேல் துணி போர்த்திச் சாயம் பூசியிருந்தது. தரையில் நிற்கும்போது பின்னங்காலை மடித்து உட்கார்ந்த நாய் மாதிரி மூக்கு மேலேயும் வால் கீழேயுமாக இருக்கும். ஓட்டுகிறவர் இருபத்திரண்டு வயது வெள்ளைக்காரர். எங்கள் ஆட்கள் அவரைச் சின்ன துரை என்பார்கள். வெயிலில் முகம் தக்காளியாகிவிடும். எதற்கெடுத்தாலும் சிரிப்பார், சீட்டு விஷயத்தில் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் நான் புரிந்துகொண்ட அளவில் தமிழில் சொல்கிறேன்.

அந்தச் சீட்டு இரண்டே கேள்வி கேட்கும். எவ்வளவு பாரம்? அது எங்கே இருக்கிறது? முதல் கேள்வி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டாவதுதான் வம்பு. விமானத்தின் மூக்கு நுனியில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு பாரமும் எத்தனை அடி தள்ளி இருக்கிறதோ அந்த அடியால் அதன் எடையைப் பெருக்க வேண்டும். வெறும் விமானம், ஓட்டுகிறவர், பெட்ரோல், மூட்டைகள் என்று எல்லாவற்றையும் இப்படிப் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஓர் எண் வரும். எல்லாப் பாரமும் சேர்ந்து எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லும். இறக்கைக்கு அடியில் ஒரு சாண் அகலம்தான் அதற்கு அனுமதித்த இடம். அந்தச் சாணுக்கு முன்னால் போனால் மூக்கு எழும்பாது. பின்னால் போனால் மூக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும், வேகம் செத்துப்போகும், அப்புறம் கல் மாதிரி விழும். இரண்டில் எது மேல் என்று துரையைக் கேட்டேன். முன்பாரம் என்றால் தரையிலேயே தெரிந்துவிடும், பின்பாரம் மேலே போன பிறகுதான் தன் குணத்தைக் காட்டும் என்றார்.

கணக்கை நான் பிசகில்லாமல் போட்டேன். ஆனால் மனசுக்குள் நம்பவில்லை. அறுபது பவுண்டு மூட்டை எங்கே வைத்தாலும் அறுபது பவுண்டுதானே? அடியால் பெருக்குவது, வகுப்பது எல்லாம் வெள்ளைக்காரன் காகிதத்தை நிரப்புவதற்குக் கண்டுபிடித்த வேலை என்றுதான் நினைத்தேன்.

அந்த நினைப்பைப் போக்கியது டீக்கடை பெஞ்சு. ஓடுபாதை வாசலில் இருந்த கடையில் நீளமாக ஒரு பெஞ்சு உண்டு. அதன் கால்களைப் புண்ணியவான் எவனோ உள்ளே தள்ளி அடித்திருந்தான், இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கும். ஒரு முனையில் பாய், மறு முனையில் நான். பாய் இரண்டாவது டீ வாங்க எழுந்தார். அவ்வளவுதான். அந்த முனை ஆகாயத்துக்குப் போயிற்று, நான் டீயும் கிளாசுமாகத் தரையில். புதுக் காக்கிச் சட்டை பாழ். எட்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இன்னா நைனா, லேண்டிங் ஷோக்கா கீதே!" என்றார் பாய். எனக்கு வந்த கோபத்தில் அவர் தாடியைப் பிடித்து இழுத்திருப்பேன். அதற்குள் ஏதோ ஒன்று மண்டையில் உறைத்தது. பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தேன். பாயை மறுபடி உட்காரச் சொல்லி மறுபடி எழுந்திருக்கச் சொன்னேன். பெஞ்சு அசையவில்லை. ஓரத்துக்கு நகர்ந்தேன், எழச் சொன்னேன், விழுந்தேன். அதே நூற்றுப் பன்னிரண்டு பவுண்டுதான், உட்கார்ந்த இடம்தான் வேறு. அன்றிலிருந்து சீட்டை நம்ப ஆரம்பித்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று டீக்கடைக்காரர் என் மனைவிக்குச் சொல்லியனுப்பினார்.

இப்படி நம்பிக்கை வந்த பிறகுதான் வினையும் வந்தது. ஒரு வியாழக்கிழமை திரும்பி இறங்கிய துரை நேரே என்னிடம் வந்தார். தரையில் ஓடும்போது பாதித் தூரத்திலேயே வால் எழும்ப வேண்டும், எழும்பவில்லை, மூக்கை அழுத்திப் பிடித்தே கை ஓய்ந்துவிட்டது என்றார். என் சீட்டைப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த வாரமும் அதே புகார். அதற்கடுத்த வாரம் அவர் சிரிக்கவே இல்லை. "உன் சீட்டு ஒன்று சொல்கிறது, என் விமானம் வேறொன்று சொல்கிறது. விமானம் பொய் சொல்லாது. வருகிற வியாழக்கிழமை, கையெழுத்துப் போடுகிறவன் என்னோடு வருவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பரணில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "காத்தடிச்சாலே பறக்கிற ஒடம்பு. ஒங்களுக்கு எதுக்குங்க ஏரோப்ளேனு?" என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவே போவணுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. எனக்கு அதுதான் பயத்தை இரண்டு மடங்காக்கியது.

வியாழக்கிழமை காலை விடிந்ததுமே போய்விட்டேன். தராசைச் சோதித்தேன், எடைக்கற்களைச் சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை. பதினெட்டு மூட்டையையும் என் கையாலேயே நிறுத்தேன். பிறகு டீ குடிக்கப் போகிற மாதிரி போய், பெட்ரோல் பீப்பாய்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். தராசுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது, அது எனக்கு அன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

நடந்தது. நிறுத்து மிச்சமான காய் ஓரத்தில் குவிந்திருந்தது. எட்டு ஆட்களும் மூட்டையை ஏற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து ஆளுக்கு ஒரு கை அள்ளி ஒரு தனிச் சாக்குப்பையில் போட்டார்கள். இரண்டு கத்திரிக்காய், நாலு பச்சை மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை. ஒருவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டையே போட்டான். பதினெட்டாவது மூட்டையும் ஏறிய பிறகு பாய் அந்தப் பையைத் தூக்கினார். விமானத்தின் கதவு பின்பக்கம் இருக்கும், மூட்டைகள் கதவு வரை நிரம்பியிருந்தன. வேறு இடம் இல்லை. பையை வாலுக்குள் கடைசி மூலையில் திணித்தார்.

பாய்ந்து போய்க் கையும் கொசுறுமாகப் பிடித்தேன்.

"பாய், இது இன்னா?"

"கொசுறு" என்றார், நான் ஏதோ கத்திரிக்காயைக் காட்டி இது என்ன காய் என்று கேட்ட மாதிரி.

"சீட்டுல இல்லியே?"

"கொசுற எவனாச்சும் சீட்டுல எழுதுவானா? நீ இன்னா நேத்துதான் மண்டிக்கு வந்தியா?"

"எடுத்து வெளிய போடுங்க! இதனாலதான் வாலு எழும்பல. ஒங்க கொசுறால இன்னிக்கி என் உசுரு போவப்போவுது!"

"இருபத்தெட்டு பவுண்டு பையில ஏரோப்ளேனு உழுந்துடுமா?" என்று எட்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அறுபதுன்னா கறாரா அறுபதுதானா நைனா? அங்க தின்றவன் இன்னா நெனைப்பான்? பூந்தமல்லிக்காரன் கஞ்சப்பயன்னு சொல்லமாட்டான்? இத்தினி வருசமா அந்தப் பேர நாம வாங்கினதில்ல."

மூலையில் இருபத்தெட்டு பவுண்டு என்றால் மூக்கிலிருந்து இருபது அடி, ஐந்நூற்று அறுபது என்று நான் பெருக்கிச் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. நேரே துரையிடம் ஓடிப் பையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் வந்து பார்த்தார், பையை இறக்கச் சொன்னார். "இன்று வால் ஒழுங்காக எழுந்தால் தவறு இவர்களுடையது. திரும்பி வந்ததும் மேஸ்திரியும் எட்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார். நான் அதையே தமிழில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு பேரும் திரும்பிப் போய் ஓடுபாதை ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

பாய் மட்டும் என்னைப் பார்த்து, "கோள் சொல்லிட்டியா, நைனா?" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் இறக்கி வைத்த பைக்குள் கையை விட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். "மேல போனா கொமட்டும். மோந்து பாரு" என்றார். எனக்கு அப்போதே அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

துரைக்குப் பின்னால் ஒரு சின்ன இருக்கை. அதில் என்னை வாரால் கட்டினார்கள். என் பெயருக்கு நேரே நூற்றுப் பன்னிரண்டு என்று நானே எழுதி, எட்டு அடியால் பெருக்கியிருந்தேன். எஞ்சின் அலறியது. விமானம் ஓடத் தொடங்கியது. இதோ பாதித் தூரம் வந்துவிட்டது, இப்போது வால் எழும்பும் என்று காத்திருந்தேன். எழும்பவில்லை. ஓடுபாதையின் முடிவில் இருந்த பனைமரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. துரை இரண்டு கையாலும் பிடியை முன்னால் தள்ளுகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். திருவேற்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், அவசரத்தில் பாய் கும்பிடுகிற தர்காவுக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டேன். கடைசி நிமிஷத்தில் வால் மனசு வைத்தது. பனையோலைகள் காலுக்கடியில் போயின. பாய் என்னை ஏமாற்றி வேறொரு பையை ஒளித்து வைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆத்திரத்தில் பயம்கூட மறந்துபோயிற்று.

மேலே போய்ச் சமமானதும் துரை திரும்பி, "நீ முன்னால் உட்கார்ந்திராவிட்டால் நாம் இப்போது அந்த மரத்தில் இருந்திருப்போம்" என்று கத்தினார். மூக்கைத் தாழ்த்துவதற்கென்று பக்கத்தில் இருந்த சக்கரத்தை முழுக்கச் சுற்றி வைத்தும் விமானம் நிமிர்ந்துகொண்டேதான் போயிற்று. நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். வழியெல்லாம் பாயைத் திட்டுவதற்கு வார்த்தை சேகரித்தேன். பேமானி, கஸ்மாலம் எல்லாம் போதாமல் புதிதாகவும் சில செய்தேன்.

இறங்கியதும் மூட்டைகளை வாங்கிக்கொள்ள முகாம் சமையல்காரர் வந்தார். நம்ம பக்கத்துப் பாடி ஊர்க்காரர். நாங்கள் எல்லா மூட்டையையும் இறக்கினோம். வாலுக்குள் நானே தவழ்ந்து போய்ப் பார்த்தேன். மூலை காலி, ஒரு கறிவேப்பிலை இலைதான் கிடந்தது. பாய் ஏமாற்றவில்லை.

"பை எங்க அண்ணாத்தே?" என்று சமையல்காரர் கேட்டார். "வாரா வாரம் ஒரு பை வருமே? மூட்டயெல்லாம் பெரிய கிச்சனுக்குப் போய்டும், வெந்து தண்ணியா வெள்ளக்காரனுக்குப் போவும். அந்தப் பைதான் என் கைக்கு வர்றது. இங்க படுத்துக்கினு கீற நம்ம பக்கத்துப் பசங்களுக்கு அதுலதான் கொழம்பு வெக்கிறேன். இன்னிக்கி கேப்பானுங்களே, நான் இன்னா சொல்றது?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளைத் தன் மேடைத் தராசில் ஏற்றினார். ராணுவத் தராசு, எங்களுக்கு வராதது. முதல் மூட்டை அறுபத்திரண்டு காட்டியது. இரண்டாவதும் அறுபத்திரண்டு. என் கண்ணை நான் நம்பவில்லை. பதினான்கு மூட்டை அறுபத்திரண்டு. கடைசியாக ஏற்றிய, வாலுக்குப் பக்கத்தில் இருந்த நாலு மூட்டை அறுபத்தேழு.

சமையல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "நிறுத்தவன் நல்ல மனுசன்பா! முள்ளு நேரா நிக்கவுடாம, தட்டு தாழ நிறுத்துக்கீறான் பாரு. கடசி மூட்டைக்கு இன்னும் தாராளம். யாருபா அது?"

யாரு? நான்தான். மண்டியில் பன்னிரண்டு வருஷம் இந்தக் கை அப்படித்தான் நிறுத்தது. முள் நேராக நின்றால் அது எடை இல்லை, கஞ்சத்தனம். சரக்குத் தட்டு கொஞ்சமாவது தாழ வேண்டும். கடைசி நிறுவை என்றால் முடிக்கிற சந்தோஷத்தில் இன்னும் ஒரு கை கூட. அது கை செய்கிற வேலை, புத்திக்குத் தெரியாது. அன்று காலை உயிர் பயத்தில் ஒவ்வொரு மூட்டையையும் முறைத்து முறைத்து நிறுத்தேனே, அப்போதும் என் கை தன் வழக்கத்தை விடவில்லை, பயத்தில் மற்ற வாரங்களைவிடக் கூடவே அள்ளியிருந்தது. கூட்டிப் பார்த்தேன். பதினான்கு மூட்டையில் இருபத்தெட்டு, நாலு மூட்டையில் இருபத்தெட்டு, ஆக ஐம்பத்தாறு. பாயின் பையைப்போல இரண்டு மடங்கு. சரியாக என்னில் பாதி ஆள் சீட்டில் ஏறாமல் பறந்து வந்திருக்கிறான். நான் கோள் சொல்லி வேலையைப் பறிக்கப்போகிற ஒன்பது பேரும் அங்கே ஓடுபாதை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பும்போது விமானம் காலி, இறகு மாதிரி போயிற்று. என் நாக்குதான் எழும்பவில்லை. ஆவடி ஏரி கண்ணில் பட்டதும், இனியும் சொல்லாவிட்டால் இறங்கிய பிறகு சொல்லமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. துரையின் தோளைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கையைத் தராசாக வைத்துத் தாழ்த்திக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

துரை, "அப்படியானால் யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்?" என்றார்.

"என்னை."

"முடியாது. தன் சீட்டை நம்பித் தானே ஏறி உட்கார்ந்த எடைக்காரன் எனக்கு வேறு எங்கே கிடைப்பான்? இனி முள் நேராக நிற்க வேண்டும். வியாழக்கிழமைதோறும் நீ என்னோடு வர வேண்டும்." சொல்லிவிட்டு முதல் தடவையாக அன்று சிரித்தார். வேலையை விட்டே துரத்தியிருக்கலாம், பாவி.

இறங்கினேன். ஒன்பது பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகத் தயாராக நின்றார்கள். பாயிடம் போய், "ஒங்க மேல தப்பில்ல பாய். எல்லாம் என் கை பண்ண வேல" என்று ஆரம்பித்து மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். பாய் என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கைக்கா? இதுக்கு நானே சர்ட்பிகேட்டு குடுப்பனே!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. எட்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ஆனால் பாடிக்காரரின் பை பாக்கி இருந்தது. மறு வாரம் பாயிடம், "கொசுறப் போடுங்க பாய். நிறுத்துச் சீட்டுல எழுதிடறேன், முன்னால வெச்சிக்கலாம்" என்றேன்.

பாய்க்கு முகம் மாறிவிட்டது. "சீட்டுல எழுதிட்டா அப்பறம் அது இன்னா கொசுறு? அது பத்தொம்பதாவது மூட்ட. அதுக்கு எங்க கை எதுக்கு?"

ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அவர் சொன்னதும் நியாயம், துரை சொன்னதும் நியாயம். எழுதாமல் பறந்தால் வால் கேட்காது. எழுதினால் பாய் கேட்கமாட்டார். வியாழக்கிழமை காலை சீட்டை எடுத்து, என் பெயருக்கு நேரே நூற்று நாற்பது என்று எழுதினேன். எட்டு அடியால் பெருக்கினேன். வாரைக் கட்டிக்கொண்டதும் பாய் இருபத்தெட்டு பவுண்டு பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பாரம் சரி, இடமும் சரி. ஓடுபாதையில் பாதித் தூரத்தில் வால் எழுந்தது. என்னைத் தவிர யாரும் பொய்யாகவில்லை.

ஒன்றரை வருஷம் இப்படிப் பறந்தேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பயந்தேன், பழகியது என்று சொன்னால் அதுதான் பொய். மூட்டைகளை முள் நேராக நிறுத்தேன். அந்த ஒரு வேலையைச் செய்யும்போது எட்டு பேரும் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நிற்பார்கள். துரை சீட்டைப் பார்ப்பார், என் மடியில் இருக்கும் பையைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அவருக்குத் தெரியாதென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்தது. துரைக்கு ஊருக்குப் போக உத்தரவு வந்தது. கடைசி வியாழக்கிழமை, ஏற்றுவதற்கு முன்னால், அவர் எல்லோரையும் தராசுக்குக் கூப்பிட்டார். ஒரு தட்டில் நூற்று நாற்பது பவுண்டு எடைக்கல்லை அவரே அடுக்கினார். மறு தட்டைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கற்கள் டமாலென்று கீழே போயின, நான் காலை உதைத்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினேன். "துலாபாரம்! துலாபாரம்!" என்று எட்டு பேரும் கூச்சல் போட்டார்கள்.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஏறும்போது நூற்று நாற்பது. இறங்கும்போது நூற்றுப் பன்னிரண்டு. இப்படி இளைக்கிற மனிதனை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார் துரை.

நான் பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார்.

துரை அன்றைய கொசுறுப் பையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். தட்டு மெல்ல இறங்கிக் கற்களுக்குச் சமமாக நின்றது. முள் நட்டநடுவில் நேராக நின்றது. சீட்டில் எழுதியபடி நூற்று நாற்பது, ஒரு குன்றிமணி குறையவில்லை. துரை குனிந்து முள்ளை உற்றுப் பார்த்தார். சரி, கணக்கு முடிந்தது, இறங்கலாம் என்று நான் எழுந்திருக்கப் போனேன். இரு என்று கையைக் காட்டினார். தன் காக்கிச் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு கத்திரிக்காயை எடுத்து, கொசுறுப் பைக்கு மேலே வைத்தார்.

தட்டு தாழ்ந்தது. என் கால் தரையில் பட்டது.